ஓட்டு நவம்பரில் தொடங்குகிறது

ஆசிரியர் வேலையில் இருந்தவரை எனக்குத் தேர்தல் என்றால் பூத்துக்கு உள்ளே நடப்பதுதான். முதல் நாளே போய் மெஷினையும் மற்ற சாமான்களையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்போம். விடியுமுன் எழுந்து ஏஜென்ட்டுகள் முன்னிலையில் 50 ஓட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்துக் காட்டி, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறப்போம். பிரிசைடிங் ஆபீசர் நாற்காலியில் பல தேர்தல்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் நடக்கும் ஒன்று உண்டு. கையில் ஓட்டர் ஐடியோடு ஒருவர் வருவார். முதல் அலுவலர் ஸ்கேலை வைத்து லிஸ்ட்டில் வரிசை வரிசையாக இறங்கிப் பார்ப்பார். பெயர் இருக்காது. "போன தடவை இங்கதான் போட்டேன்" என்பார் வந்தவர். அவர் சொல்வது உண்மைதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவருக்குப் பெயர் சேர்க்கும் அதிகாரம் கிடையாது.

வேறு யாரோ உங்கள் பெயரில் ஓட்டுப் போட்டுவிட்டால்கூட வழி இருக்கிறது. டெண்டர் ஓட்டு என்று வாக்குச்சீட்டு கொடுத்து ஓட்டுப் போட வைப்போம். 2018இல் 'சர்க்கார்' படம் வந்த பிறகு இது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனால் லிஸ்ட்டிலேயே பெயர் இல்லாதவருக்கு அன்றைக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அவருடைய ஓட்டு பல மாதங்களுக்கு முன்பே போய்விட்டது. அந்த மாதங்களில் நாங்கள் யாரும் பூத்தில் இருப்பதில்லை.

2020இல் நான் ஓய்வு பெற்றேன். மேடவாக்கத்தில் வீடு. பக்கத்துப் பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த சில இளைஞர்கள் அந்த நவம்பரில் என்னைத் தேடி வந்தார்கள். "டீச்சர், ஃபாரம் நிரப்பத் தெரிஞ்சவங்க வேணும்" என்றார்கள். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரும்பாக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் மற்ற இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அகற்றிக் கொண்டுவந்து அமர்த்திய இடம் அது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி, வரிசை வரிசையாக எட்டு மாடி பிளாக்குகள். சென்ட்ரல் பக்கத்துச் சத்தியவாணி முத்து நகரிலிருந்து 2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில், மூட்டை முடிச்சோடு வந்தவர்களும் அதில் உண்டு. 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இருந்த சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய நகர் அது. அங்கிருந்து இங்கே 25 கிலோமீட்டருக்கு மேல். வீடு வந்துவிட்டது. ரேஷன் கார்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டு மட்டும் கூவக்கரையிலேயே நின்றுவிட்டது.

அந்த ஆண்டு வரைவுப் பட்டியல் நவம்பர் 16 அன்று வெளியானது. பெயர் சேர்க்கவும் ஆட்சேபிக்கவும் டிசம்பர் 15 வரை அவகாசம். நடுவே நவம்பர் 21, 22, டிசம்பர் 12, 13 என்று சனி, ஞாயிறுகளில் பூத்திலேயே சிறப்பு முகாம். இந்த ஒரு மாதம்தான் உண்மையான தேர்தல் காலம் என்று இன்று நினைக்கிறேன். அப்போது ஊரில் கொடி இல்லை, மைக் இல்லை, வேட்பாளரும் இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கட்டு ஃபாரம், எதிரே முகக்கவசம் போட்ட பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒருவர். அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. பலரும் ஏற்கெனவே விண்ணப்பித்துத் தோற்றிருந்தார்கள். முகவரி மாற்றம் என்றதும் யாரோ 8ஏ படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அப்போதைய விதிப்படி 8ஏ ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் வீடு மாறியவர்களுக்கு மட்டும். தொகுதி விட்டுத் தொகுதி வந்தவர்கள் புதிதாகச் சேர்பவர்களைப் போலவே படிவம் 6 கொடுக்க வேண்டும். அதில் பழைய முகவரியையும் பழைய அட்டை எண்ணையும் எழுத வேண்டும். இவர்கள் வந்து சேர்ந்ததோ சோழிங்கநல்லூர் தொகுதிக்கு. ஒரு எழுத்து, ஒரு எண் வித்தியாசத்தில் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. தள்ளுபடியான விவரம்கூட அவர்களுக்குத் தெரியாது. பதில் வரும் என்று பழைய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஆகவே ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போனோம். பெண்கள் பலர் விடியற்காலையிலேயே நகரத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் எங்கள் வேலை மாலை ஆறு மணிக்கு மேல்தான். வராந்தா விளக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வோம். இளைஞர்கள் போனில் பழைய தொகுதி லிஸ்ட்டைத் தேடிப் பாகம் எண், வரிசை எண் பார்த்துச் சொல்வார்கள். நான் எழுதுவேன்.

எடுத்த எடுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. ஒரு ஆயா, பாலிதீன் கவரில் நான்காக மடித்து வைத்திருந்த ஓட்டர் ஐடியைக் காட்டினார், கையில் தரவில்லை. "இத்த மாத்திட்டா, நாங்க அங்க இருந்தோம்னு இன்னா சாட்சி?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். குடிசையை இடிக்கக் கணக்கெடுக்க வரும்போதெல்லாம் அவர்கள் நீட்டிய தாள் அதுதான். அந்த முகவரி அச்சாகியிருந்ததால்தான் மாற்று வீடு கிடைத்தது என்று அவர்கள் நம்புகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஓட்டர் ஐடி முதலில் குடியிருந்ததற்கான சான்று. ஓட்டு அதற்கு அப்புறம்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்.

நான் பூத்தில் கற்ற ஒரு விதி அங்கே கைகொடுத்தது. வேறு தொகுதியில் கொடுத்த அட்டையாக இருந்தாலும், பெயர் இந்த பூத் லிஸ்ட்டில் இருந்தால், அதை அடையாளமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். "ஆயா, அட்டைய யாரும் புடுங்க மாட்டாங்க. அது உங்க பொட்டியிலயே இருக்கட்டும். பேரு மட்டும் இங்க வரட்டும்" என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, மகளையும் பேரனையும் உட்கார வைத்து மூன்று ஃபாரம் எழுதச் சொன்னார்.

இன்னொரு வீட்டில் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். எல்லா விவரத்தையும் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர், உறவினர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றார். பழைய அட்டையில் கணவர் பெயர். அவர் விட்டுப் போய்ப் பல வருஷம். "அந்த ஆள் பேரப் போட்டுத்தான் ஆவணுமா டீச்சர்?" வேண்டாம் என்றேன். அப்பா பெயர் போடலாம், அம்மா பெயரும் போடலாம், படிவத்திலேயே இடம் இருக்கிறது. "அம்மா பேரா?" என்று திருப்பிக் கேட்டார். உள்ளே திரும்பி, அடுப்பருகே இருந்த அம்மாவிடம், "உன் பேரு எப்டி எழுதணும், சொல்லு" என்றார். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ரேஷன் கார்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி நான் எழுத, இருவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், 1951-52இல், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் ஏறவில்லை. தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே அவர்கள் பதிவாகியிருந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெண் தன் சொந்தப் பெயரில்தான் வாக்காளர் ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவர் செய்தது சரி என்றுதான் நான் வகுப்பிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த 28 லட்சம் பேர் அந்தத் தேர்தலை இழந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் உட்கார்ந்து, "உங்க பேர் என்னம்மா?" என்று பொறுமையாகக் கேட்க ஆள் இருந்திருந்தால் அதில் எத்தனை பெயர் மிஞ்சியிருக்கும்! தன்னார்வலர் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இரண்டு முகாம்களுக்கும் நடுவில் நிவர் புயல் வந்தது. பிளாக்குகளைச் சுற்றித் தண்ணீர். வேலைக்குப் போக முடியாமல் எல்லோரும் வீட்டில் இருந்ததால் அந்த வாரம் நிறைய ஃபாரங்கள் எழுதினோம். போட்டோவுக்குத்தான் திண்டாட்டம். ஸ்டூடியோ திறக்கவில்லை. இளைஞர்களில் ஒருவர் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போனிலேயே எடுத்து, பிறகு மேடவாக்கத்தில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தப் பகுதி பி.எல்.ஓ. ஒரு அங்கன்வாடிப் பணியாளர். கொரோனாவால் மையம் மூடியிருந்த காலம். பிள்ளைகளுக்கான உலர் உணவுப் பொருட்களை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை அவருக்கு. அதோடு, விண்ணப்பித்த ஒவ்வொருவர் கதவையும் தட்டி, ஆள் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். பகலில் பூட்டு தொங்கும் வீட்டை எப்படிச் சரிபார்ப்பது? அவர் ராத்திரி எட்டு மணிக்கு வந்தார். எங்கள் பட்டியலை பிளாக் வாரியாக, மாடி வாரியாகப் பிரித்துக் கொடுத்தோம். "இப்டி யாரும் குடுத்ததில்லக்கா" என்றார். இந்த நாட்டின் தேர்தல் பெருமையெல்லாம் இவர்கள் கால்களின் மேல்தான் நிற்கிறது. அவர்கள் பெயர் எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை.

2021 ஜனவரி 20 அன்று இறுதிப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க 6 கோடியே 26 லட்சம் வாக்காளர்கள். சோழிங்கநல்லூரில் மட்டும் ஏறத்தாழ 6.9 லட்சம்; மாநிலத்திலேயே மிகப் பெரிய தொகுதி. மிகச் சிறியதான துறைமுகம் தொகுதியில் ஒன்றேமுக்கால் லட்சம்தான். நகரத்தின் ஏழைகள் விளிம்புக்குத் தள்ளப்பட்ட கதையில் ஒரு பங்கு இந்த இரண்டு எண்களிலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெயர் வந்ததா என்று பார்ப்பதும் ஒரு வேலை. ஒரு பக்கத்துக்கு 30 கட்டங்கள். நாங்கள் எழுதிய ஒவ்வொரு பெயரையும் தேடினோம். பெரும்பாலானவை இருந்தன. அம்மா பெயரோடு அந்தப் பெண் இருந்தார். ஆயாவின் பெயர் வந்திருந்தது. மகள் பெயர் வரவில்லை. அதோடு கதை முடியவில்லை. இறுதிப் பட்டியல் வந்த பிறகும் தொடர் திருத்தம் என்று ஒன்று உண்டு. வேட்புமனு தாக்கல் முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். இது தெரிந்தவர்கள் குறைவு. தேர்தல் தேதி அறிவிப்பு பிப்ரவரி 26இல்தான் வந்தது. அதற்குள் விடுபட்டவர்களின் ஃபாரங்களை மறுபடியும் எழுதிக் கொடுத்திருந்தோம்.

பிரச்சாரம் சூடுபிடித்த மார்ச்சில் ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். கட்சிக்காரர்கள் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளாக்குக்கு வந்தார்கள். லிஸ்ட்டில் பெயர் இருந்த கதவுகளைத் தட்டினார்கள். இல்லாத கதவுகளைத் தாண்டிப் போனார்கள். தண்ணீர் வரவில்லை, பஸ் போதவில்லை என்று இவர்கள் சொல்ல, வந்தவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். வந்து குடியேறியதிலிருந்து யாரும் அப்படிக் குறித்ததில்லை. இடம் பெயர்த்து வைக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குப் பழைய தொகுதி எம்.எல்.ஏ. பொறுப்பில்லை, புதிய தொகுதியில் அவர்கள் வாக்காளரே இல்லை. நடுவில் அவர்களுக்கு யாருமே இல்லை. 'காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவர்கள்' என்று இவர்களைப் பற்றிச் சாய்வு நாற்காலியில் இருந்து பேசும் பலரைக் கேட்டிருக்கிறேன். பணம் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். அதை நாங்கள் ஒவ்வொரு வராந்தாவிலும் சொன்னோம். ஆனால் ஓட்டே இல்லாதவர் கதவை நியாயமாகவும் தட்ட ஆளில்லை, அநியாயமாகவும் தட்ட ஆளில்லை என்பதையும் அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்து, மாநிலத்தில் 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூத்கள் போட்டிருந்தார்கள். அதனால் பலருக்கு பூத் மாறியிருந்தது. எங்கள் இளைஞர்கள் பெரும்பாக்கத்தில் பூத் எல்லைக்கு வெளியே நின்று பாகம் எண் பார்த்துச் சொன்னார்கள். அடையாள அட்டை பற்றி முந்தைய இரவே மாடிக்கு மாடி சொல்லி வைத்திருந்தோம். ரேஷன் ஸ்மார்ட் கார்டு பூத்தில் செல்லாது. பூத் சிலிப்பும் அடையாளம் ஆகாது. ஓட்டர் ஐடி இல்லையென்றால் ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக் போன்ற 11 ஆவணங்களில் ஒன்று வேண்டும். மறந்துபோய் மூன்று மாடி திரும்ப ஏறுவது வயதானவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

நான் அங்கே இல்லை. பெயர் மாறாமல் கூவக்கரை லிஸ்ட்டிலேயே இருந்தவர்களோடு காலை பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். வேட்பாளர் தரப்பு வண்டி வைத்து வாக்காளரை ஏற்றிப் போவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவில் வரும் குற்றம். நாங்கள் எந்த வண்டியும் வைக்கவில்லை. அவரவர் டிக்கெட் எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது அடுத்த மாதம்தான். வீட்டு வேலை செய்யும் பெண்கள் சிலர் அன்றைய சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தேர்தல் நாளன்று சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் சொல்வது நிறுவனங்களுக்கு. பாத்திரம் தேய்க்கும் வீட்டில் அதை யார் கேட்பது?

பழைய பூத்தில் ஒரு அக்காவை நிறுத்திவிட்டார்கள். லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது. ஆனால் ஏ.எஸ்.டி. பட்டியலிலும் இருக்கிறது. ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று பி.எல்.ஓ. குறித்துக் கொடுக்கும் பட்டியல் அது. அதில் இருந்தால் ஓட்டு இல்லை என்று வரிசையில் நின்ற யாரோ சொல்ல, அவர் அழுதுகொண்டே வெளியே வந்தார். நான் உள்ளே போக முடியாது. "திரும்பிப் போய் பிரிசைடிங் ஆபீசர்கிட்டயே கேளுங்க. அடையாளத்தக் காட்டி, உறுதிமொழி எழுதிக் குடுத்து, கைநாட்டும் வெச்சா ஓட்டு உண்டு" என்றேன். போனார். உள்ளே இருந்தவர் சின்ன வயது ஆசிரியர் போலிருக்கிறது. கையேட்டைப் புரட்டிப் பார்த்து, ஆவணத்தைச் சரிபார்த்து, கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்கி அனுமதித்திருக்கிறார். அக்கா வெளியே வந்து, வலது கையில் அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே, இடது கை ஆள்காட்டி விரல் மையைக் காட்டினார். அந்த ஆசிரியரை நான் பார்க்கவில்லை. சரியான விதியைச் சரியான நேரத்தில் தேடிப் படித்தவர் அவர்.

கூட வந்த ஒரு பெரியவருக்கு அந்த வழியும் இல்லை. அவர் கட்டத்தின் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று இருந்தது. யார் விண்ணப்பித்து, எப்போது நீக்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது. பெரும்பாக்கத்திலும் அவர் பெயர் இல்லை. எங்கள் வராந்தா மாலைகளில் அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். மனைவி ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை வெயிலில் நின்றார். திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த ஃபாரம் எப்பம்மா குடுப்பாங்க?"

அந்தத் தேர்தலில் மாநிலத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் வாக்குப்பதிவு. சென்னையில் 59. வழக்கம்போல மறுநாள் சென்னைக்காரர்களின் அலட்சியம் என்று பேச்சு நடந்தது. அலட்சியக்காரர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாடகை வீடு மாறியவர், அகற்றப்பட்டவர், இறந்தும் பெயர் நீக்கப்படாதவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் எல்லோரையும் கொண்ட ஒரு பட்டியலில் இருந்து எடுக்கும் சதவீதம் அது. பட்டியலைச் சரிசெய்யாமல் மக்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. உள்ளாட்சிப் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராவது. நவம்பர் வராந்தாவில் எழுதிய பெயர்கள் பெரும்பாக்கம் ஊராட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போட்டன. தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பதில் சொல்ல வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அது. அந்தப் பெரியவரின் பெயரும் பின்னால் வந்த திருத்தத்தில் ஏறியது.

2022 ஆகஸ்ட்டிலிருந்து விதி எளிதாகியிருக்கிறது. தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டு மாறினாலும் படிவம் 8 ஒன்றே போதும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள்; 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம். உங்களிடம் நான் கேட்பது இதுதான். தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் வீட்டில் உள்ளவர்கள் பெயரைப் பார்த்துவிடுங்கள். பிறகு உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், கட்டட வாட்ச்மேனிடம், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், பெயர் எந்த ஊர் லிஸ்ட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் உட்கார வைத்து ஒரு ஃபாரம் எழுதிக் கொடுங்கள். தேர்தல் நாளன்று சம்பளம் பிடிக்காமல் அவர்களுக்கு லீவு கொடுங்கள்.